இடது காலுக்காகப் போட்ட தரை

எங்கள் வீட்டு ஹாலின் தரையை மாற்றியது என் கணவருடைய இடது காலுக்காக. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே, "தரை சூப்பரா இருக்கே, எங்க வாங்கினீங்க?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நானும் கடைக்கு வழி சொல்கிறேன். எண்ணெய் எத்தனை கோட், மெழுகு எப்போது என்று எல்லாவற்றையும் ஒப்பிக்கிறேன். எதற்காகப் போட்டீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

பொங்கல் முடிந்த வாரத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் லேத் மெஷின் முன்னால் நின்றவர். நின்றே பழகிப்போய், வீட்டிலும் டீயை நின்றுகொண்டுதான் குடிப்பார். "உக்காந்து குடிச்சா இன்னா, டீ கோச்சிக்குமா?" என்று நான் தினமும் கத்துவேன். சிரித்துக்கொண்டே நின்றபடி குடித்து முடிப்பார். அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு நாள் காலையில், பல் தேய்க்கப் போன இடத்தில், இடது கையும் இடது காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. நாக்கும் குழறியது. ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் வைத்திருந்துவிட்டு, உயிருக்கு ஆபத்தில்லை, இனி எல்லாம் பயிற்சியில்தான் இருக்கிறது என்று அனுப்பிவைத்தார்கள்.

பயிற்சி கொடுக்க வாரத்தில் மூன்று நாள் ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். ஹாசன் பக்கத்துப் பெண். கன்னடத்தில் யோசித்துத் தமிழில் பேசுவாள். முதல் நாளே என்னை ஓரமாக அழைத்து, "ஆண்ட்டி, இந்த மொதல் சில மாசம்தான் முக்கியம். இப்ப நடந்தா கால் திரும்பி வரும். விட்டுட்டா ரொம்ப கஷ்டா" என்றாள். நான் பலமாகத் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு நிகர் நான்தான்.

அவர் பிடிவாதக்காரர். அது அந்த நாட்களில் நல்லதாகப் போயிற்று. மார்ச் கடைசியில் நான்கு கால் வைத்த ஊன்றுகோலை வலது கையில் பிடித்துக்கொண்டு, சுவரில் தோளை உரசியபடி, கட்டிலிலிருந்து பாத்ரூம்வரை தானாகப் போய் வந்துவிட்டார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

எங்கள் வீடு ஜீவனஹள்ளியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. கீழ்த்தளம். ஓர் அறை, ஒரு ஹால், ஒரு சமையலறை, அறையை ஒட்டி பாத்ரூம். அறையில் கட்டிலும் பீரோவும் போக நான்கு அடி எடுத்து வைக்கலாம், ஐந்தாவது அடிக்குச் சுவர் வந்துவிடும். சந்தில் நடக்க வைக்கலாம் என்றால் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தை மூடாமல் போட்டிருந்தார்கள், மிச்ச இடத்தில் வண்டிகள். ஆகவே ஹால்தான் வேண்டும். சுவருக்குச் சுவர் பதினான்கு அடி நீளம். அந்தப் பதினான்கு அடியை அவர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நடந்துவிட்டால் கால் வந்துவிடும் என்று அந்தப் பெண் சொன்னாள். எனக்கு வேறு எந்த வேண்டுதலும் இல்லை. பதினான்கு அடி, அவ்வளவுதான்.

அந்த ஹாலில் அப்போது இருந்தது பளபளவென்ற வெள்ளை டைல்ஸ். அதுவும் என் கைங்கரியம்தான். நான்கு வருஷத்துக்கு முன், "சிவப்பு சிமெண்ட் தரை நல்லாதானே இருக்குது" என்று அவர் சொன்னதைக் கேட்காமல், எதிர்வீட்டில் போட்டிருக்கிறார்களே என்று போட வைத்தேன். ஏப்ரலில் ஒரு நாள் முதன்முதலாக ஹாலுக்குள் இறங்கினார். இரண்டாவது அடியில் ஊன்றுகோல் வழுக்கிக்கொண்டு போயிற்று. இடுப்பு தரையில் மோதிய சத்தம் சமையலறைவரை கேட்டது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பயம் மட்டும் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அறையின் நிலைப்படிவரை வருவார், தரையில் டியூப்லைட் பிரதிபலிப்பதைப் பார்ப்பார், நின்றுவிடுவார். "தண்ணி மாரி இருக்குது" என்பார். ரப்பர் பாய் விரித்துப் பார்த்தோம். இழுபடும் இடது காலின் விரல்கள் பாயின் ஓரத்தில் சிக்கின. ஷூ போட்டுப் பார்த்தோம். காலே பாரம், அதில் ஷூ வேறா என்பதுபோல அவர் என்னைப் பார்த்தார்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி லேபில் உதவியாளராக இருக்கிறேன். பதினெட்டு வருஷமாகக் குடுவை கழுவிக்கொண்டிருக்கிறேன் என்றும் சொல்லலாம். எங்கள் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சரைப் பார்க்க அந்த மாதம் ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் போயிருந்தேன். பழைய காலத்து வீடு. வராந்தாவில் சதுரம் சதுரமாகச் சுட்ட மண் தளம் போட்டிருந்தது. டெரகோட்டா என்றார் டீச்சர். வெறும் காலோடு அதில் நின்றேன். பாதத்தை அது பிடித்துக்கொண்டது. ஈரக் காலோடு நடந்து பார்த்தேன், அப்போதும் பிடித்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இரண்டு தடவை நடந்தேன். டீச்சர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

மே மாத விடுமுறையில் வேலையை ஆரம்பித்தோம். மேஸ்திரி திருப்பத்தூர்க்காரர், இங்கே வந்து இருபது வருஷம் ஆனவர். பழைய டைல்ஸை உடைத்த மூன்று நாளும் என் கணவர் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தூசியில் இருமினார். "கொஞ்சம் பொறுங்க, எல்லாம் உங்களுக்காகத்தான்" என்றேன். புதுத் தளம் போட்டு இடுக்குகளையும் பூசி முடித்த அன்று ஹாலே மாறிவிட்டது. மண்ணின் நிறம், மங்கலான மேல்பரப்பு. எதுவும் அதில் பிரதிபலிக்கவில்லை. அவர் நிலைப்படியில் நின்று வெகுநேரம் பார்த்தார். "எப்ப நடக்கலாம்?" என்று மேஸ்திரியிடம் அவரே கேட்டார்.

"ஒரு வாரம் போனா நடக்கலாம் சார். இன்னா, கற மட்டும் படக்கூடாது" என்றவர் என் பக்கம் திரும்பினார். "அக்கா, இது மண்ணு. குடிக்கும். கொழம்பு சிந்துனா கொழம்ப குடிச்சிடும், எண்ணெ பட்டா எண்ணெய குடிச்சிடும். அப்புறம் இன்னா தேச்சாலும் போவாது. அடியில ஈரம் சுத்தமா காயணும், அதுக்கு ஒரு மாசம். அப்புறம் லின்சீட் ஆயில், ஆளிவெத எண்ணெ, மூணு கோட்டு, மேல மெழுகு. அதுக்கப்புறம் நீங்க குழம்புச் சட்டியே கவுத்தாலும் தொடச்சிக்கலாம். அதுவரைக்கும் ஜாக்கிரத."

காய்ந்ததா என்று கண்டுபிடிக்க ஒரு வழியும் சொல்லிக்கொடுத்தார். ஒரு சாண் பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டிவிட வேண்டும். மறுநாள் தாளின் அடியில் நீர் முத்துக் கோத்திருந்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். இந்த மாதிரிச் சோதனை எனக்குப் பிடித்த விஷயம். மறுநாளே ஒட்டிவிட்டேன். முத்து முத்தாகக் கோத்திருந்தது.

இப்போது தைலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தினமும் காலையில் அவருடைய இடது கைக்கும் காலுக்கும் நான் மருந்துத் தைலம் தேய்த்துவிடுவேன். கறுப்பு நிறத்தில் கெட்டியான எண்ணெய். தொடையிலிருந்து விரல் நுனிவரை அரை மணி நேரம். பாதம் முழுக்க ஊறிக்கிடக்கும். அந்தக் காலோடு மண் தளத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். "எண்ணெ கோட் அடிச்சதும் நடக்கலாம், ஒரே மாசம்தான்" என்று அவரிடம் சொல்லிவைத்தேன். சரி என்றார்.

ஒரு வாரம் ஆகியிருக்கும். நான் சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். தைலம் தேய்த்து அவரைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஊன்றுகோல் தட்டும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், நிலைப்படியில் நிற்கிறார். என்னைக் கூப்பிடவில்லை, யாரையும் பிடித்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண் சொல்லிக்கொடுத்த மாதிரியே ஊன்றுகோலை முன்னால் வைத்தார், அப்புறம் இடது காலை மெதுவாகத் தூக்கி ஹால் தரையில் வைத்தார்.

"ஐயோ, கால் வெக்காதீங்க! எண்ணெ! எண்ணெக் கால்!"

சந்து முழுக்கக் கேட்டிருக்கும். அவர் திடுக்கிட்டுக் காலைப் பின்னால் இழுத்தார். இழுத்த வேகத்தில் சாய்ந்து நிலையில் தோளை முட்டிக்கொண்டு நின்றார். நான் கையிலிருந்த தோசைத் திருப்பியோடு ஓடினேன். எங்கே ஓடினேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. அவரிடம் ஓடவில்லை. குனிந்து தரையைப் பார்த்தேன். ஐந்து விரலும் குதிகாலுமாக ஒரு முழுப் பாதம் கறுப்பாகத் தரையில் இறங்கிக்கொண்டிருந்தது. பவுடர் டப்பாவை எடுத்துவந்து கவிழ்த்தேன், அதன் மேல் பழைய துணியை வைத்து இஸ்திரிப்பெட்டியால் அழுத்தி எண்ணெயை இழுத்தேன். "ஒரு மாசம் பொறுக்க முடியாதா? சின்னக் கொழந்தயா நீங்க?" என்று முதுகைக் காட்டிக்கொண்டே திட்டினேன். அதற்குள் அவர் கட்டிலுக்குப் போய்விட்டார். அடுப்பில் தோசை கருகிப் புகைந்துகொண்டிருந்தது.

பாதி எண்ணெய் வந்தது, பாதி உள்ளேயே தங்கிவிட்டது. மங்கலாக ஒரு பாதச் சுவடு.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டம்மா தரையைப் பார்க்க வந்தார். நான் பள்ளிக்கூடம் போகும் நாட்களில் என் கணவரை அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொள்கிறவர், நல்ல மனுஷிதான். ஆனால் வாய் சும்மா இருக்காது. அறைக்குள் என் கணவர் கட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "அட, அண்ணன் எழுந்தே நின்னுட்டாரு! எங்க மாமாக்கு இதே வந்து ரெண்டு வருஷமா படுத்த படுக்கதான். உனக்கு அதிர்ஷ்டம் போ. தரையும் ராஜா வீட்டுத் தர மாதிரி இருக்குது" என்றார். கண் பட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடிக் கல் உப்பைப் போட்டு ஹாலைத் துடைத்தேன். இது எங்கள் வீட்டில் எப்போதும் உள்ள வழக்கம். திருஷ்டி கழிய வெள்ளிக்கிழமை உப்புத் தண்ணீரில் வீடு துடைப்போம். பழைய சிமெண்ட் தரையிலும் துடைத்திருக்கிறேன், பளபள டைல்ஸிலும் துடைத்திருக்கிறேன். இந்த முறை எதிர்வீட்டம்மாவின் கண்ணை நினைத்து வெள்ளியோடு செவ்வாயையும் சேர்த்துக்கொண்டேன். அவருடைய கால் நல்லபடியாக வர வேண்டும் என்று ஒவ்வொரு சதுரமாக வேண்டிக்கொண்டே துடைத்தேன். தரை ஆனந்தமாகக் குடித்தது.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. கூடவே மழையும் வந்தது. ஒரு நாள் காலையில் ஹாலின் நடுவில் மாவு சிந்திய மாதிரி வெள்ளையாக இருந்தது. துடைத்தேன். மறுநாள் அதே இடத்தில் அதே வெள்ளை. ஒரு வாரத்தில் பாதி ஹாலுக்குப் பரவிவிட்டது. மேஸ்திரியைக் கூப்பிட்டேன். குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு பூக்குதுக்கா. சிமெண்ட்லேந்து வரும், தண்ணிலேந்து வரும். போர் தண்ணில கலவ போட்டோம் இல்ல, அதான். இது நிக்காம எண்ணெ அடிச்சா வெள்ள உள்ளயே மாட்டிக்கும், ஜென்மத்துக்கும் போவாது. நிக்கட்டும்."

"எப்ப நிக்கும்?"

"சொல்ல முடியாது. வர்ற உப்பு வந்து தீரணும்."

நான் விடுகிறவளா? கடையில் ஆசிட் வாங்கிவந்தேன். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது என்று வருஷா வருஷம் பிள்ளைகளிடம் கத்துகிறவள் நான். பதமாகக் கலந்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, நார் பிரஷ்ஷால் ஹால் முழுக்கத் தேய்த்துக் கழுவினேன். இரண்டு நாள் சுத்தமாக இருந்தது. அப்புறம் முன்பைவிட அதிகமாகப் பூத்தது. எதிர்வீட்டம்மாவின் கண் அவ்வளவு பொல்லாதது என்று முடிவு செய்து, உப்பை இரண்டு கைப்பிடியாக்கினேன்.

இதற்குள் ஒரு மாதம் இரண்டு மாதமாகிவிட்டது. என் கணவர் முதலில் தினமும், "காஞ்சிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முகத்தை மட்டும் பார்ப்பார். நான் உதட்டைப் பிதுக்குவேன். பிறகு பார்ப்பதையும் விட்டுவிட்டார். பயிற்சிப் பெண் வந்து கட்டிலிலேயே காலை மடக்கி நீட்டிவிட்டுப் போனாள். அறைக்குள் நான்கு அடி நடக்க வைத்தாள். நாங்கள் இல்லாத நேரத்தில் அவர் நடப்பதேயில்லை என்று அவள்தான் கண்டுபிடித்தாள்.

"ஆண்ட்டி, ஹால் யாவாக குடுப்பீங்க?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"இன்னும் பத்து நாள்மா. உப்பு நின்னுட்டா எண்ணெ அடிச்சிடுவேன்."

"டைல்ஸ் ஆமேல, அப்புறம்கூட பண்ணிக்கலாம் ஆண்ட்டி. கால் அப்படி இல்ல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தேய்க்கிறது நான், கழுவுகிறது நான், இவளுக்கென்ன என்று நினைத்தேன். "பாதில வுட்டா இவ்ளோ பண்ணதும் வேஸ்ட்டா போய்டும்" என்றேன். அவள் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். இன்று யோசித்தால் எத்தனை வழி இருந்தது என்று தெரிகிறது. தைலத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றியிருக்கலாம். சோப்புப் போட்டுக் காலைக் கழுவிவிட்டு நடக்க வைத்திருக்கலாம். எதுவுமே வேண்டாம், கறை பட்டால் படட்டும் என்று விட்டிருக்கலாம். நடப்பதற்காகப் போட்ட தரையில் பாதச் சுவடு விழுந்தால்தான் என்ன? இந்தக் கேள்வி அந்த இரண்டு மாதத்தில் ஒரு நாள்கூட என் மண்டையில் உதிக்கவில்லை. தரை முதலில் முடியட்டும், கால் அப்புறம் என்று என்னையறியாமலே வரிசை மாறிவிட்டது.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை லேபில் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மயில்துத்தக் கரைசலை ஒரு கண்ணாடிக் குவளையில் ஜன்னலோரம் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தண்ணீர் முக்கால்வாசி வற்றிவிட்டது. நீல உப்பு குவளையின் உள்சுவரில் ஏறி, விளிம்பைத் தாண்டி, வெளிப்பக்கமும் இறங்கியிருந்தது. தண்ணீர் காய்கிற இடத்தைத் தேடி உப்பு ஏறும். இதை நான் ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன், ஒவ்வொரு வருஷமும் திட்டிக்கொண்டே சுரண்டுகிறேன். அன்றைக்கும் சுரண்ட ஆரம்பித்து, கை அப்படியே நின்றுவிட்டது. அன்று காலையில்தான் இரண்டு கைப்பிடி உப்பு கரைத்து ஹாலைத் துடைத்துவிட்டு வந்திருந்தேன்.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். சிமெண்ட்டும் இல்லை, போர் தண்ணீரும் இல்லை, எதிர்வீட்டம்மாவின் கண்ணும் இல்லை. வாரத்துக்கு இரண்டு தடவை நானே உப்பை ஊற்றிவிட்டு, உப்பு பூக்கிறதே என்று நானே அழுதிருக்கிறேன். லேபில் யாரும் இல்லை. இருந்திருந்தால் சிரித்திருப்பார்கள். எனக்கே முதலில் சிரிப்புதான் வந்தது, அப்புறம் எத்தனை வெள்ளி, எத்தனை செவ்வாய் என்று விரல்விட்டு எண்ணினேன்.

மேஸ்திரியிடம் சொல்லவில்லை. என் கணவரிடமும் சொல்லவில்லை. உப்பை நிறுத்தினேன், தண்ணீரையும் நிறுத்தினேன். பூத்ததைக் காய்ந்த பிரஷ்ஷால் கூட்டி அள்ளினேன், நனைக்கவே இல்லை. மூன்று வாரத்தில் வெள்ளை குறைந்துகொண்டே வந்து நின்றது. ஆடி மாதக் கடைசியில் மழை விட்டு நாலு நாள் நல்ல வெயில். பிளாஸ்டிக் தாளை ஒட்டி மறுநாள் பிரித்தேன். ஒரு முத்துகூட இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணெய் அடித்தேன். உண்மையைச் சொன்னால், அந்த வேலையில் எனக்குச் சந்தோஷம் இருந்தது. லின்சீட் ஆயிலில் டர்பன்டைன் கலந்து, அகலமான பிரஷ்ஷால் உள்கோடியிலிருந்து வாசல் பக்கமாகப் பூசிக்கொண்டே வர வேண்டும். தரை உறிஞ்சும். கொஞ்ச நேரம் விட்டு, உறிஞ்சாமல் மேலே நிற்பதைப் பழைய பனியன் துணியால் துடைத்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிசுபிசுவென்று ஆகிவிடும். வெளிறிப் போயிருந்த மண், பிரஷ் பட்ட இடமெல்லாம் நனைந்த செம்மண்ணாக ஆழ்ந்த நிறத்துக்கு வந்தது. டர்பன்டைன் நெடி தாங்காமல் அவர் இருமியதால் அறைக் கதவைச் சாத்தினேன். நிலைப்படிக்குப் பக்கத்தில் அந்தப் பழைய பாதச் சுவடு இருந்தது. அதன் மேலும் பூசினேன். சுற்றியிருந்த சதுரமெல்லாம் சேர்ந்து கறுத்ததும் சுவடு மறைந்துவிட்டது. எந்தச் சதுரம் என்றே தெரியவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அப்போது நிஜமாகவே அப்படித்தான் தோன்றியது.

மூன்று கோட். ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு நாள். அப்புறம் மெழுகைக் கொஞ்சமாகத் தேய்த்து மெருகு ஏற்றினேன். வழுக்கக் கூடாது என்பதற்காக ஒரே ஒரு மெல்லிய பூச்சு. ஒரு வாரம் காய விட்டேன். தண்ணீரைச் சொட்டினால் உருண்டு நின்றது. ஈரக் காலோடு நான் நடந்து பார்த்தேன், துளியும் வழுக்கவில்லை. குற்றம் சொல்ல ஒரு இடம் இல்லை. பயிற்சிப் பெண்ணுக்கு நானே போன் செய்து, "ஹால் ரெடிமா, வா" என்றேன்.

சனிக்கிழமை வந்தாள். அவரை எழுப்பி நிலைப்படிக்குக் கூட்டிவந்தாள். நான் ஹாலின் எதிர்க்கோடியில் நின்றுகொண்டேன், பதினான்கு அடி தள்ளி. "அங்கிள், பாருங்க, தரை நம்மள்துதான். மெல்ல" என்றாள். அவர் ஊன்றுகோலை வைத்தார். இடது காலைத் தூக்கப் பார்த்தார். தொடை கொஞ்சம் அசைந்தது. பாதம் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி எழும்பவே இல்லை. அவள் குனிந்து கையால் பாதத்தைத் தூக்கி முன்னால் வைத்தாள். அதன்மேல் பாரம் போட்டதும் முட்டி மடங்கியது. நாங்கள் இருவரும் தாங்கி நாற்காலியில் உட்கார வைத்தோம். இரண்டு அடி. மார்ச்சில் இதே கால் பாத்ரூம்வரை போய் வந்தது.

விடாமல் அவள் ஆறு வாரம் வந்தாள். திட்டினாள், கெஞ்சினாள், காலில் பட்டை கட்டிப் பார்த்தாள். அவர் சொன்னதையெல்லாம் செய்தார். ஆனால் முன்பு இருந்த பிடிவாதம் இல்லை. யாரோ சொல்கிறார்கள் என்பதற்காகச் செய்கிற மாதிரி செய்தார். ஒரு நாள் போகும்போது கேட்டருகே நின்று, செருப்பை மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். "நான் வர்றேன் ஆண்ட்டி. நிறுத்த மாட்டேன். ஆனா இனிமே இருக்கறத காப்பாத்தறதுதான். புதுசா வரும்னு சொல்லி உங்கள ஏமாத்த எனக்கு இஷ்டா இல்ல."

உள்ளே வந்தேன். சாயங்கால வெளிச்சத்தில் ஹால் செக்கச்செவேலென்று இருந்தது. நடுவில் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். நான் அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தேன். அதுவரை சொல்லாமல் வைத்திருந்ததை எல்லாம் சொன்னேன். உப்பைச் சொன்னேன், லேபில் குவளையைப் பார்த்ததைச் சொன்னேன், மூன்று மாதம் வீணாய்ப் போனது முழுக்க என்னால்தான் என்றேன். "உங்களுக்காகப் போட்டுட்டு உங்களயே மிதிக்க வுடல நான்" என்று சொல்லி அழுதேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

அவர் வலது கையை என் தலையில் வைத்தார். குழறும் நாக்கில் வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துச் சொன்னார்.

"நீ நல்ல தரதான் போட்ட. அன்னிக்கி ஒரு கால் வெச்சேன் இல்ல... வழுக்கவே இல்ல. நல்லா புடிச்சிக்கிச்சு. பயமே போய்டுச்சு. இன்னொரு கால தூக்கிட்டேன், அப்பதான் நீ கத்தின."

குத்திக்காட்டச் சொல்லவில்லை. என் தேர்வு சரிதான் என்று எனக்கு ஒரு நல்ல சேதி சொல்கிற மாதிரி, முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்.